எட்டு வயதில் கையெழுத்து

மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் பெரிய கோஷ்டி ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஆடும் நாளன்று எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். கடல் தாண்டிக் கோடிக்கணக்கான ஜனங்கள் டெலிவிஷனில் பார்க்கிறார்கள். சட்டையில் கம்பெனி விளம்பரம், மைதானத்தைச் சுற்றிக் கம்பெனி விளம்பரம், இடைவேளையிலும் அதுவே. அதே கிளப்பின் ரிசர்வ் கோஷ்டி ஆடுகிற மாலையில் காட்சி வேறு. இன்று அதற்கு 21 வயதுக்கு உட்பட்டோர் கோஷ்டி என்று பெயர் மாறியிருக்கிறது. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர், கிளப் மேல் பாசம் விடாத கிழவர்கள் சிலர், மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து வாலிபர்களின் கால்களை எடைபோடுகிற, வேறு கிளப்புகளுக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் சிலர். இந்தக் கோஷ்டிக்குக் கீழே 18 வயதுக் கோஷ்டி, அதற்குக் கீழே 16, 15, 14 என்று இறங்கிக்கொண்டே போய் ஒன்பது வயதுக்கு உட்பட்ட பாலகர் கோஷ்டியில் முடிகிறது. இந்த ஏணிக்குத்தான் அகாடமி என்று பெயர்.

கூலியும் பஞ்சப்படியும் பேச வேண்டிய பத்தியில் சீமைப் பந்தாட்டம் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் மில் வாசலில் பதிலிகள் நிற்பதைப் பார்க்காத தொழிலாளி நம்மில் யார்? நிரந்தரத் தொழிலாளி ஒருவன் வராவிட்டால் ஒரு பதிலிக்கு அன்று வேலை. எல்லோரும் வந்துவிட்டால் பதிலி வீடு திரும்ப வேண்டியதுதான். வாசலில் அவன் நிற்பதே உள்ளே இருக்கிறவனின் கூலியை அழுத்திப் பிடிக்க முதலாளிக்கு உதவுகிறது. ரிசர்வ் கோஷ்டி என்றால் பதிலிக் கோஷ்டி. அது எப்படி உண்டாகிறது, அதில் யார் சேர்கிறார்கள், யார் கழிக்கப்படுகிறார்கள், லாபம் யார் பெட்டிக்குப் போகிறது என்று பார்த்தால் அது நமக்குத் தெரிந்த கதைதான். ஒரே வித்தியாசம், அங்கே பதிலிக்கு வயது எட்டு.

முதலில் ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். இன்று கோடீசுவரர்கள் கைமாற்றிக்கொள்ளும் இந்தக் கிளப்புகளை உண்டாக்கியவர்கள் கோடீசுவரர்கள் அல்ல. மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கோஷ்டி. லண்டன் ஆர்சனல் 1886-ல் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 1895-ல் தேம்ஸ் இரும்பு வேலைக் கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. பட்டறை மூடும் சனிக்கிழமை மத்தியானம்தான் பந்தாட்ட நேரமாயிற்று. அந்த அரை நாள் விடுமுறை கூடத் தொழிலாளி கேட்டு வாங்கிய விடுமுறை.

கூட்டம் பெருகியது. கதவில் டிக்கெட் வந்தது. டிக்கெட் வந்த பிறகு பங்குதாரர்களும் டைரெக்டர்களும் வந்தார்கள். ஒரு பதினொருவர் போதாமல், காயம்பட்டவனுக்கும் களைத்தவனுக்கும் மாற்றாக இரண்டாவது பதினொருவர் சம்பளப் பட்டியலில் ஏறினார்கள். வட இங்கிலாந்தில் இந்த ரிசர்வ் கோஷ்டிகளுக்கென்றே 1911-ல் சென்ட்ரல் லீக் என்ற தனிப் போட்டி ஏற்பட்டது.

இளம் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வளர்ப்பதில் யுனைடெட் கிளப்புக்குப் பழைய பேர் உண்டு. 1937 அக்டோபரிலிருந்து தன் பிள்ளைக் கோஷ்டிகளில் வளர்ந்த ஒருவனாவது இல்லாமல் அதன் பெரிய கோஷ்டி மைதானத்தில் இறங்கியதில்லை என்று 2019 டிசம்பரில் அந்தக் கிளப் கொண்டாடியது. அன்று அந்தக் கணக்கு 4,000 ஆட்டங்களை எட்டியது. 1952-53 சீசனில் தொடங்கிய இளைஞர் கோப்பையை முதல் ஐந்து வருஷமும் அதுவே வென்றது. மேனேஜர் மாட் பஸ்பியும் உதவியாளர் ஜிம்மி மர்பியும் அந்தப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். எங்கிருந்து? டட்லி என்னும் இரும்புத் தொழில் ஊரிலிருந்து டங்கன் எட்வர்ட்ஸ். பெரிய கோஷ்டியில் முதல் ஆட்டம் ஆடியபோது அவனுக்கு வயது 16. ஆஷிங்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டிலிருந்து பாபி சார்ல்டன். அவனுடைய அண்ணன் ஜாக், சுரங்க வேலையில் சேர்ந்து, கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, இது வேண்டாமென்று லீட்ஸ் கிளப்புக்கு மைதானப் பையனாகப் போனான்.

1958 பிப்ரவரி 6-ந் தேதி மூனிச் நகரத்தில் பனி மூடிய ஓடுபாதையில் யுனைடெட் கோஷ்டி ஏறிய விமானம் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடி 21 வயதில் மாண்டான். பெப்ரவரி 19-ந் தேதி அடுத்த ஆட்டம். அன்றைக்கு விற்ற நிகழ்ச்சி நிரலில் யுனைடெட் பக்கம் பெயர் போட இடம் விட்டு வெறுமையாக அச்சடித்திருந்தார்கள். அச்சுக்குப் போகும்வரை ஆடப் போவது யார் என்றே தெரியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ரிசர்வ் கோஷ்டியும் இளைஞர் கோஷ்டியும்தான். அந்தப் பிள்ளைகள் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கோஷ்டியை மூன்று கோல் போட்டு ஜெயித்தார்கள். மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள். பதிலி என்று அதுவரை பின்வரிசையில் நின்றவன் ஒரு கிளப்பையே தோளில் தாங்கினான்.

விபத்தில் படுகாயமடைந்த ஜானி பெர்ரி அதன் பிறகு ஆட முடியவில்லை. அவர் குடியிருந்தது கிளப் வாடகைக்கு விட்ட வீடு. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, அந்த வீட்டைக் காலி செய்து ஆடுகிற இன்னொருவனுக்கு விடும்படி கிளப் கேட்டது. மூனிச்சைப் பற்றிக் கண்ணீரோடு எழுதப்படும் கட்டுரைகளில் இந்தச் சேதி அதிகம் வருவதில்லை. மில் லைன் வீட்டில் குடியிருந்து கை போனவனுக்கு இது புதுச் சேதி அல்ல.

அக்காலத்து மைதானப் பையன்களின் பிழைப்பு எப்படி? பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைப்பது, மைதானத்தில் களை பிடுங்குவது, மேடைகளைப் பெருக்குவது, பெயிண்ட் அடிப்பது. மிச்ச நேரம் பந்துப் பயிற்சி. வயது வந்து ஒப்பந்தம் கிடைத்தவனுக்கும் விடுதலை இல்லை. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் சம்பளம் வாங்கக் கூடாது என்று முதலாளிகளே விதி போட்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும், கிளப் மனம் வைத்து விட்டுக்கொடுக்காவிட்டால் வேறு கிளப்பில் ஆட முடியாது.

இதை உடைத்தது சங்கம். ஆட்டக்காரர் சங்கம் 1907 டிசம்பரில் மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றில் பிறந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் பில்லி மெரிடித். வேல்ஸ் தேசத்தில் 12 வயதில் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியவர். 1909-ல், சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை என்று கால்பந்து அசோசியேஷன் மிரட்டியது. மற்ற ஊர்களில் பலர் பணிந்தார்கள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. காப்டன் சார்லி ராபர்ட்ஸ் தலைமையில், கிளப் மைதானத்தை விட்டு வேறு இடத்தில் பயிற்சி செய்து, 'ஒதுக்கப்பட்டோர் கோஷ்டி' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் எழுதிய பலகையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்! சீசன் தொடங்கும் தறுவாயில் அசோசியேஷன் இறங்கி வந்து சங்கத்தை அங்கீகரித்தது. பிறகு அரை நூற்றாண்டு கழித்து ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்த பின்புதான் 20 பவுன் உச்சவரம்பு போயிற்று. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆட்டக்காரனைக் கட்டிவைக்கும் விதி நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார். 1995 டிசம்பரில் பெல்ஜியத்துக்காரர் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கு வேறு தேசத்துக் கிளப் விலை கொடுக்க வேண்டியதில்லை என்றது.

பெரியவன் கால் விலங்கு இப்படி ஒவ்வொன்றாகக் கழன்றது. கழன்ற விலங்கை முதலாளிகள் என்ன செய்தார்கள்? சிறுவன் காலுக்கு ஏற்றபடி சுருக்கி அடித்துக்கொண்டார்கள்.

1998-ல் அகாடமிகள் என்ற பெயரும் அமைப்பும் வந்தன. 2012-ல் புது ஏற்பாடு அமுலுக்கு வந்தது. 'உயர்தர ஆட்டக்காரர் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு அகாடமிக்கும் ஒன்று முதல் நான்கு வரை வகுப்பு. முதல் வகுப்பு வேண்டுமானால் வருஷத்துக்கு 20 லட்சம் பவுனுக்கு மேல் செலவழிக்க வேண்டும். அது யாரால் முடியும்? எட்டு வயதிலிருந்து பிள்ளையைப் பதிவு செய்யலாம். கையெழுத்துப் போடுவது தகப்பன், கட்டுப்படுவது பிள்ளை. அதற்கு முன்பெல்லாம், 12 வயதுக்கு மேற்பட்ட பையனின் வீடு கிளப்பிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. முதல் வகுப்பு அகாடமிகளுக்கு அந்த எல்லைக்கோடு பெரும்பாலும் அழிக்கப்பட்டது. பணக்காரக் கிளப் தேசம் முழுவதும் வலை வீசலாம்.

வலையில் விழுந்த பிள்ளைக்கு என்ன விலை? அதற்கும் அட்டவணை போட்டார்கள். சின்னக் கிளப் வளர்த்த பையனைப் பெரிய கிளப் எடுத்துக்கொண்டால், 9 முதல் 11 வயது வரை வளர்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 பவுன். 12 முதல் 16 வரை, வளர்த்த அகாடமியின் வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 12,500 முதல் 40,000 பவுன் வரை. மூன்றாம் வகுப்பு அகாடமி ஒன்று எட்டு வருஷம் சோறும் பயிற்சியும் போட்டு வளர்த்த பிள்ளைக்குக் கூட்டிப் பார்த்தால் 71,500 பவுன்தான் தேறும். பின்னால் அவன் பெரிய கோஷ்டியில் ஏறி ஆடினால் தவணை தவணையாக மேற்தொகை உண்டு. ஏறாவிட்டால் இல்லை.

சின்னக் கிளப்புகள் இதற்கு எப்படிச் சம்மதித்தன என்று கேட்கலாம். 2011 அக்டோபரில் 72 கிளப்புகள் ஓட்டுப் போட்டன. ஆதரவு 46, எதிர்ப்பு 22, நடுநிலை 3, ஒரு கிளப் வரவே இல்லை. ஓட்டுக்கு முன்னால் பிரிமியர் லீக், திட்டத்தை ஏற்காவிட்டால் இளைஞர் பயிற்சிக்குத் தாங்கள் தரும் பணம் நிற்கும் என்று சொல்லிவிட்டது. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் கடன் பத்திரத்துக்குப் பெருவிரல் ரேகை வைக்கிறவனும் சம்மதித்துத்தான் வைக்கிறான்!

விளைவு தெரிய நாளாகவில்லை. பிரெண்ட்ஃபோர்டு கிளப், நல்ல பையன்களை மான்செஸ்டர் கிளப்புகள் சொற்பத் தொகைக்கு அள்ளிக்கொண்டு போனதைக் கண்டு 2016-ல் அகாடமியையே இழுத்து மூடியது. அதற்குப் பதிலாக, பெரிய அகாடமிகள் 'உதவாது' என்று கழித்த வாலிபர்களைச் சேர்த்து ஒரு பி கோஷ்டி நடத்தியது. கழிக்கப்பட்டவர்கள் நன்றாகவே ஆடினார்கள். 2021-ல் பிரிமியர் லீகுக்கு உயர்ந்த பிறகு அந்தக் கிளப் மறுபடி அகாடமி தொடங்கியது. ஹட்டர்ஸ்ஃபீல்டு 2017-ல் தன் அகாடமியின் கீழ்ப் படிகளை வெட்டியது. அந்தப் படிகளில் நின்ற பிள்ளைகளின் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை யாரும் எழுதவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியதால் 2021 முதல் இங்கிலீஷ் கிளப்புகள் 18 வயதுக்கு உட்பட்ட அந்நிய தேசப் பையன்களைச் சேர்க்க முடியாது. ஆகவே உள்நாட்டுப் பிள்ளைகளின் மேல் பெரிய கிளப்புகளின் கண் இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

இப்போது லாபக் கணக்குக்கு வருவோம். இதைத் தொழிலாளர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மில் முதலாளி ஒரு தறி வாங்கினால், விலையை அந்த வருஷமே செலவில் எழுதமாட்டான்; வருஷா வருஷம் தேய்மானம் என்று பிரித்து எழுதுவான். கிளப் முதலாளியும் அப்படியே. ஓர் ஆட்டக்காரனை 5 கோடி பவுனுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால் வருஷத்துக்கு ஒரு கோடி தேய்மானம். இரண்டு வருஷம் கழித்து ஏட்டில் அவன் விலை 3 கோடி. அப்போது 3 கோடிக்கு விற்றால் லாபம் பூஜ்யம். ஆனால் அகாடமியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டில் விலையே கிடையாது. அவனை 3 கோடிக்கு விற்றால் மூன்று கோடியும் முழு லாபம். கணக்குப் பிள்ளைகள் இதைச் 'சுத்த லாபம்' என்று சொல்கிறார்கள். வாயாரச் சொன்ன வார்த்தை! தறி கூட ஏட்டில் விலை பெறுகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் தினமும் வியர்வை சிந்திய பையனின் உழைப்பு ஏட்டில் சுழியம்.

மேசன் மவுண்ட் ஆறு வயதில் செல்சீ கிளப்புக்குள் நுழைந்தவன். 2021-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கோஷ்டியில் ஆடினான். 2023-ல் அவனை 5.5 கோடி பவுனுக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்கு விற்றார்கள். அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி, சிறு பிள்ளையிலிருந்து தன்னிடம் வளர்ந்த கோல் பாமரை 4 கோடி பவுனுக்குச் செல்சீக்கு விற்றது. மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுனுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற பிரிமியர் லீக் விதி அப்போது அமுலில் இருந்தது. வெளியிலிருந்து ஆள் வாங்கிக் குவித்த நஷ்டத்தை மறைக்க, வீட்டுப் பிள்ளையை விற்பதே சுலப வழியாயிற்று. ஊர்க்காரன் 'நம்ம பையன்' என்று கொண்டாடுகிற அதே காரணத்தாலேயே அவன் முதலில் விலை போகிறான். அந்த இருவருக்கும் கோடிக் கணக்கில் சம்பளம் கிடைக்கிறது, அவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை என்று வாசகர்கள் சொல்லலாம். உண்மைதான். ஏணியின் உச்சிப் படியில் நிற்கிற சிலர் அவர்கள். நம் கவலை அங்கே ஏறாதவர்களைப் பற்றியது.

2017-ல் வெளியே வந்த ஒரு விஷயம். ஸ்டோக் கிளப்பின் அகாடமியில் இருந்த 12 வயதுப் பையன் ஒருவனை லிவர்பூல் கிளப் ஆசை காட்டி அழைத்தது. தனியார் பள்ளிக்கூடச் சம்பளத்தைத் தாங்களே கட்டுவதாகச் சொன்னார்கள். பிறகு, ஒருவனுக்குக் கட்டினால் எல்லாப் பையன்களுக்கும் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. லிவர்பூல் பின்வாங்கியது. ஸ்டோக்கும் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவன் வேறு எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும் தங்களுக்கு 49,000 பவுன் நஷ்டஈடு வர வேண்டும் என்று நின்றது. யார் கொடுப்பார்கள்? பையன் நடுத்தெருவில் நின்றான். லிவர்பூலுக்கு ஒரு லட்சம் பவுன் அபராதமும், மற்றக் கிளப்புகளின் அகாடமிப் பையன்களைச் சேர்க்கத் தடையும் விதித்தார்கள். கிளப்பைத் தண்டித்தாயிற்று, சரி. பந்தாட முடியாமல் நின்ற அந்தப் பிள்ளைக்கு என்ன பரிகாரம்? ஈஸ்ட்ஹாம் 1963-ல் கோர்ட்டில் உடைத்த அதே விலங்கு, 54 வருஷம் கழித்து, பள்ளிக்கூடப் பையன் காலில் பூட்டப்பட்டிருந்தது.

இங்கிலாந்து அகாடமிகளில் ஒரு சமயத்தில் பத்தாயிரம் பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப்போவதில்லை. கழிப்பு ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. பெரிய கழிப்பு இரண்டு. 16 வயதில் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் தருவார்களா இல்லையா என்பது ஒன்று. 18 வயதில் சம்பள ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது இன்னொன்று. அதுவரை வாரத்தில் பல மாலைகள், சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாம் கிளப்புக்கே. சிநேகிதர்கள் கிளப்பில், கனவு கிளப்பில், ஊரார் அவனை அழைப்பதே 'இன்ன கிளப் பையன்' என்று. ஒருநாள் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டால், கறிவேப்பிலை மாதிரி வெளியே. வேலை போன தொழிலாளிக்குக் கையில் தொழிலாவது மிஞ்சும். இவனுக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது?

லண்டன் கிரிஸ்டல் பாலஸ் கிளப் 2021-ல், தன்னிடமிருந்து கழிக்கப்பட்ட வாலிபர்களுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து உதவுவது, படிப்பு, வேலை, மனத் தைரியம் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துக் கவனிப்பது என்று ஏற்பாடு செய்தது. பிரிமியர் லீகில் முதன்முதல் செய்தது அந்தக் கிளப். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் பிரிமியர் லீக் பிறந்தது 1992-ல். கோடி கோடியாய்க் குவித்த இந்த முதலாளிகளுக்கு இது தோன்ற இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று.

இதைவிடக் கொடிய விஷயம் ஒன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 2016 நவம்பரில் ஆண்டி உட்வர்டு என்ற பழைய ஆட்டக்காரர், தான் சிறுவனாகக் குரூ கிளப்பில் இருந்த காலத்தில் பயிற்சியாளன் பாரி பென்னல் தன்னைப் பாழ்படுத்தியதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதுவரை வாய் மூடியிருந்த பலர் அதன் பிறகு முன்வந்தார்கள். 2018-ல் பென்னலுக்கு முப்பது வருஷச் சிறை. 2023-ல் சிறையிலேயே செத்தான். 1970 முதல் 2005 வரை நடந்ததை விசாரித்த ஷெல்டன் அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. கால்பந்து அசோசியேஷன் பிள்ளைகளைக் காக்க வேண்டியதைக் காலத்தில் செய்யவில்லை என்று அது சொல்லிற்று. அந்தக் கயவன் கையில் இருந்த ஆயுதம் எது? 'என் பேச்சைக் கேட்டால் நீ ஆட்டக்காரன், கேட்காவிட்டால் வெளியே.' ஏழை வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தனி ஒருவன் கையில் கொடுத்து, கேட்பாரில்லாமல் விட்டால் இது நடக்கும். இன்று ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்கு அதிகாரி இருக்கிறார். அந்த அதிகாரிக்குச் சம்பளம் தருவதும் அதே கிளப்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஏணியில் 18-ஐத் தாண்டியவன் கதை வேறு விதம். ரிசர்வில் இடம் நிரம்பி வழிவதால் அவனை வாடகைக்கு விடுகிறார்கள். 2018-19 சீசனில் செல்சீ மட்டும் சுமார் 40 பேரை வேறு கிளப்புகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. வருஷத்துக்கு ஓர் ஊர், ஒரு பாஷை, ஒரு வாடகை அறை. தேறினால் திரும்ப அழைப்பார்கள் அல்லது விற்பார்கள். சர்வதேச சம்மேளனம் 2022-ல் இதற்கு வரம்பு விதித்து, 2024-க்குள் ஆறு பேர் என்று குறைத்தது. ஆனால் கிளப் தானே வளர்த்த 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த வரம்பில் சேரமாட்டார்கள். ஓட்டை எந்தப் பக்கம் விடப்பட்டிருக்கிறது பாருங்கள்!

இந்தப் பதிலிக் கோஷ்டிகளைச் சின்னக் கிளப்புகளின் போட்டிக்குள்ளேயே நுழைத்தார்கள். மூன்றாம், நான்காம் டிவிஷன் கிளப்புகளுக்கென்று இருந்த கோப்பையில் 2016 முதல் பெரிய கிளப்புகளின் இளைஞர் கோஷ்டிகளும் ஆடத் தொடங்கின. சின்ன ஊர்களின் ரசிகர்கள் கொதித்தார்கள். எங்கள் ஊர்க் கோஷ்டி உங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பொம்மையா என்று கேட்டு ஆட்டத்தைப் பகிஷ்கரித்தார்கள். பல மைதானங்களில் ஆயிரம் பேர் கூடக் கூடவில்லை. அவர்களுடைய கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் அல்ல. 1885-ல் பிறந்து இரண்டு தடவை எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி என்னும் மில் ஊரின் கிளப், கடனில் மூழ்கி, 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பக்கத்து நகரத்து மான்செஸ்டர் கிளப்புகள் ஓர் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற விலையில் அந்த ஊர்க் கிளப் பல காலம் ஓடியிருக்கும்.

அகாடமி இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நல்ல மைதானமும் நல்ல பயிற்சியும் ஏது என்று ஒரு கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்வி. மான்செஸ்டர் வைதன்ஷா பகுதியில் பல வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன் மார்க்கஸ் ராஷ்ஃபோர்டு. ஏழு வயதில் அகாடமியில் சேர்ந்தவன். பசி தெரிந்தவன். 2020 ஜூனில், பள்ளி விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சீட்டு வேண்டும் என்று குரல் கொடுத்து, மறுத்துக்கொண்டிருந்த சர்க்காரை வழிக்குக் கொண்டுவந்தான். சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்கு அதனால் பலன். அவனுக்குக் கதவு திறந்த அகாடமியைக் குறை சொல்ல மனம் வருமா? ஆனால் அந்தப் பேட்டைகளில் பொது மைதானமும், பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளரும், பட்டறையைச் சார்ந்த பையன்கள் கிளப்பும் இருந்தால் பிள்ளை எட்டு வயதில் கம்பெனிக்குப் பதிவாக வேண்டியதில்லையே. வால்ஸெண்டு என்னும் கப்பல் கட்டும் ஊரில் 1904-ல் ஸ்வான் ஹண்டர் தளத்தைச் சார்ந்து பையன்கள் கிளப் ஒன்று தொடங்கினார்கள். ஆலன் ஷியரர், பீட்டர் பியர்ட்ஸ்லி, மைக்கேல் காரிக் எல்லாம் அங்கே ஆடிய பிள்ளைகள். ஆட்டக்காரன் தேசம் விட்டுத் தேசம் விற்கப்படும்போது, 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்கு விலையில் 5 சதவீதம் பங்கு தரவேண்டும் என்று சர்வதேச விதி உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன்னால் சேற்றில் ஓடவிட்டுக் கற்றுக்கொடுத்த பேட்டைக் கிளப்புக்கு அதில் பங்கில்லை. பெற்றவர்களுக்கும் இல்லை.

யுனைடெட் கிளப்பில் 2024-ல் சுமார் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் ஊழியர்களின் இலவச மத்தியானச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். அங்கே சிக்கனம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்காக இதைச் சொன்னோம்.

16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எந்தக் கிளப்புக்குப் போனாலும், எப்போது விலகினாலும், நஷ்டஈட்டைச் சொல்லி அவனைத் தடுக்கக் கூடாது. கிளப்புக்கும் கிளப்புக்கும் உள்ள பாக்கியை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அகாடமியில் வளர்ந்தவனை விற்றுக் கிடைக்கும் 'சுத்த லாபத்தில்' ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, கழிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் பேட்டைக் கிளப்புகளின் மைதானத்துக்கும் கட்டாயமாகச் செலவிட வேண்டும். பாலஸ் கிளப் தானாகச் செய்த மூன்று வருஷ உதவி எல்லாக் கிளப்புக்கும் கடமையாக வேண்டும்; அது 18 வயதுக்காரனுக்கு மட்டுமின்றி 14 வயதில் கழிக்கப்பட்டவனுக்கும் உண்டு என்றாக வேண்டும். பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகள் கிளப் சம்பளத்தில் இல்லாமல் வெளியார் பொறுப்பில் இருக்க வேண்டும்.

மெரிடித்தும் ராபர்ட்ஸும் கட்டிய சங்கம் இன்றும் இருக்கிறது. 16 வயதில் அப்ரண்டிஸாகச் சேருகிற பையனுக்கு அதில் இடம் உண்டு. அதற்குக் கீழே எட்டு வருஷம் பதிவில் கிடக்கிற பிள்ளைக்காகக் கிளப்போடு பேச யாருமில்லை. ஒவ்வொரு தகப்பனும் தாயும் தனித்தனியே அந்த அறைக்குள் போய், எதிரே வக்கீலோடும் கணக்குப் பிள்ளையோடும் உட்கார்ந்திருக்கும் கிளப்பிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பு வைத்துக்கொள்ளவும், ஆட்டக்காரர் சங்கம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவும், பிரிமியர் லீக் அதனோடு பேசித்தான் இந்த விலை அட்டவணையைத் திருத்தலாம் என்று விதி வரவும் வேண்டும்.